கடையை விட்டு வெளியே போகாத கத்தி

மூன்று கிழமைக்கு முன்னர் நெல்லியடியில் ஒரு கடைக்காரர் என்னைக் கண்டு பயந்துவிட்டார்.

என் தோற்றத்தைக் கண்டு அல்ல. நான் கேட்ட சாமானைக் கேட்டு!

பழைய சாமான் விற்கிற கடை அது. ஊரை விட்டுப் போகிற சனம் விற்றுவிட்டுப் போன அலுமாரி, கிராமபோன், படம் இல்லாத படச்சட்டம்... எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு கதிரையில் அவர் இருந்தார். நான் படியேறி, மூச்சு வாங்கி, ஆறுதலாகக் கேட்டேன்.

"தம்பி, நல்ல கூரான சவரக்கத்தி இருக்கோ? மடக்கிற கத்தி. கழுத்திலை வைச்சால் வழுக்கிக்கொண்டு போகவேணும்."

அவர் என் வெள்ளைத் தலையைப் பார்த்தார். கையில் இருந்த செபமாலையைப் பார்த்தார்.

"ஆச்சி... வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?"

பிரச்சினைதான். ஆனால் அவர் நினைத்த பிரச்சினை இல்லை.

என் மனுசனை உங்களுக்குத் தெரியும். இந்தப் பத்திரிகைப் பகுதியில் அவரை எத்தனை முறை இழுத்திருப்பேன்! தீவுப் பக்கம் ஓடின லோஞ்சுப் படகில் முப்பது வருஷம் சுக்கான் பிடித்தவர். விடியற்காலையில் முகம் வழிக்காமல் படலைக்கு வெளியே கால் வைத்ததில்லை. கலியாணம் செய்து ஐம்பது வருஷத்துக்குக் கிட்ட ஆகிறது – அவர் கன்னத்தில் மயிர் முளைக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. எண்பத்தேழுச் சண்டையில் உடுத்த உடுப்போடு ஓடிப்போய்க் கோயிலுக்குள் கிடந்தோமே, அப்போதுகூட மூன்றாம் நாள் யாரிடமோ றேசர் இரவல் வாங்கி, குடிக்க வைத்திருந்த தண்ணீரில் கொஞ்சம் திருடி, முகம் வழித்த மனுசன்.

பொருளாதாரத் தடையால் இப்போது இங்கே பிளேட் வருவதில்லை. என்னென்ன வருவதில்லை என்று நான் உங்களுக்குப் பட்டியல் போடவேண்டுமா? நீங்களே இந்தப் பத்திரிகையைக் கோடு போட்ட கொப்பித் தாளில்தானே வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்!

கடைசி பிளேட்டைக் கண்ணாடித் தம்ளருக்குள் வைத்துத் தேய்த்துத் தேய்த்து இரண்டு மாதம் ஓட்டினார். ஒரு நாள் அது இரண்டாகப் போய்விட்டது. அதோடு அவரும் வீட்டுக்குள் போய்விட்டார். கடைக்கு இல்லை, சந்திக்கு இல்லை, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் இல்லை.

சலூனுக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். எங்கள் சந்திச் சலூன்காரர் குடும்பத்தோடு வன்னிக்குப் போய்விட்டார். மற்றச் சலூனில் ஒரே அரைப் பிளேட் பத்து முகத்தில் ஏறி இறங்குகிறது. இவருக்கு நீரிழிவு வருத்தம். ஒரு கீறல் பட்டால் ஆற ஒரு மாதம்.

இப்படித் தாடியும் அவருமாக இருந்த நேரத்தில்தான் மகனின் கடிதம் வந்தது. வெளிநாட்டுக்குப் போய் ஒன்பது வருஷம். எங்களிடம் காசு கேட்கவில்லை, கருவாடு கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டிருந்தான். "அம்மா, நீங்களும் அப்பாவும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்று அனுப்புங்கள். உங்கள் முகம் மறந்துபோகும் போல இருக்கிறது."

நான் எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசிக்கிறவள். இந்த வரியை மட்டும் ஒரே மூச்சில் வாசித்தேன்.

எங்கள் பக்கத்து வீட்டு ரீச்சர் சனிக்கிழமை கொழும்புக்குப் பயணம். அவர் கொண்டுபோனால் அங்கிருந்து தபாலில் போடலாம். ஸ்டூடியோக்காரரிடம் கொஞ்சம் பிலிம் மிச்சம் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை வந்தால் பின்னேரமே கழுவித் தருவதாகச் சொன்னார். எல்லாம் சரி. மாப்பிள்ளைதான் மாட்டேன் என்றார்.

"இந்தக் கோலத்திலை படமோ? தாடியைக் கண்டால் பெடியன் என்ன நினைப்பான்? தாய் செத்துப்போனா எண்டெல்லோ நினைப்பான்!"

"படத்திலை நான் பக்கத்திலை நிப்பனே!"

"உம்மைப் பழைய படத்திலை இருந்து வெட்டி ஒட்டினது எண்டு நினைப்பான்."

சுக்கான் பிடித்தவர்களோடு வாதாடிப் பயனில்லை. அவர்கள் ஒருமுறை திருப்பினால் திருப்பினதுதான்.

"அப்புவின்ரை கத்தி மட்டும் இருந்திருந்தால்..." என்றார் கடைசியில். "எண்பத்தேழிலை ஓடேக்கை துலைச்சுப்போட்டம். அது இருந்தால் எனக்கேன் பிளேட்?"

நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

வாசகர்களே, உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? அவருடைய தகப்பனாரின் சவரக்கத்தி எண்பத்தேழில் தொலையவில்லை. அதற்கு இரண்டு வருஷம் முன்னரே போய்விட்டது. பிளேட் மலிந்து கிடந்த காலம். பெட்டிக்கு அடியில் கிடந்த கத்தியை யார் தேடப்போகிறார்கள் என்று நினைத்து, பழைய இரும்பு வாங்க வந்த போத்தல்காரனிடம் இரண்டு ஓட்டைச் சட்டியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன். பதிலுக்கு ஒரு நீலப் பிளாஸ்ரிக் வாளி வாங்கினேன். அன்றைக்கு எனக்கு அது பெரிய கெட்டித்தனம்!

எண்பத்தேழில் ஓடித் திரும்பி வந்தபோது, "கத்தியைக் காணேல்லை" என்று அவரே சொன்னார். "ஓம், துலைஞ்சு போச்சு" என்றேன். பொய்யா அது? தொலைந்ததுதானே... யார் தொலைத்தது என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

ஆகவே, செவ்வாய்க்கிழமை காலை, மண்ணெண்ணெயில் ஓடுகிற வான் வண்டியில் புகையைக் குடித்துக்கொண்டு நெல்லியடிக்குப் போனேன்.

பயம் தெளிந்த கடைக்காரர் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து ஐந்து கத்திகளை மேசையில் பரப்பினார். ஒன்றுக்குக் கைப்பிடி இல்லை. இரண்டு, மடக்கினால் விரிக்க முடியாது. ஒன்று முழுத் துரு. ஐந்தாவதை அவரே தூக்கிக் காட்டினார். வெள்ளைக் கொம்புப் பிடி. அலகில் இங்கிலீசு எழுத்து.

"சீமைச் சாமான் ஆச்சி! எழுத்தைப் பாருங்கோ."

"எழுத்து முகம் வழிக்குமோ தம்பி?"

நான் குருநகரில் பிறந்தவள். எட்டு வயதில் பாரை மீன் வெட்டினவள். புத்தகம் வாசிக்கத்தான் தடுமாறுவேனே தவிர, இரும்பின் வாயை வாசிக்க எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கத்தியை வெயிலுக்குப் பிடித்தேன். நல்ல வாய் என்றால் வெளிச்சம் ஒரே கோடாய் ஓடவேண்டும். இதில் வெளிச்சம் தாண்டித் தாண்டி ஓடியது. உள்ளே துரு அரித்த புள்ளிகள், புழுத் தின்ற பல் மாதிரி. நகத்தால் தட்டினேன். கிணுங்கவில்லை. தகரம் மாதிரிப் பேசியது.

"வேண்டாம் தம்பி. உதைப் பார்க்க வடிவாய் இருக்கு. வடிவு பார்க்கிற ஆளுக்குக் குடும்."

புதன்கிழமை சாவகச்சேரி. அங்கே ஒரே ஒரு கத்திதான் இருந்தது. ஆனால் என்ன கத்தி! வெளிச்சம் கோடாய் ஓடியிருக்கும்... கடைக்காரர் அதனால் பலாப்பழம் வெட்டாமல் இருந்திருந்தால்! அலகு முழுக்கப் பலாப்பால். வாயில் மூன்று இடத்தில் பல் போயிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் நல்ல மனுசன். எனக்கும் இரண்டு சுளை தந்தார். எந்த ஊர் என்று விசாரித்துவிட்டுக் கேட்டார்.

"ஆச்சி, நீங்கள் இருக்கிற இடத்திலையே ஒரு கடை கிடக்கே. சந்தைக்குப் பின் ஒழுங்கையிலை. சின்னராசாவின்ரை கடை. அங்கை பாக்கேல்லையோ?"

நான் மூன்று வருஷமாக அந்த ஒழுங்கையால்தான் கீரை வாங்கப் போய்வருகிறேன்!

வியாழக்கிழமை. சின்னராசா நாற்பது வயது ஆள். அவருக்கும் தாடி. கடையின் இடது பக்கம் முழுக்க விற்கிற சாமான். அதில் கத்தி இல்லை. வலது பக்கத்தில் ஒரு நீளத் தட்டு. அங்கே ஒரு தையல் மெஷின், ஓடிக்கொண்டிருந்த ஒரு சுவர் மணிக்கூடு, ஒரு ஆர்மோனியம், சின்னப் பிள்ளையின் மூன்று சில்லுச் சைக்கிள்... ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி நூலில் கட்டின ஒரு கடதாசித் துண்டு. மணிக்கூட்டுக்குக் கீழே, ஒரு வெள்ளைத் துணியில், கத்தி.

"உதை எடும் தம்பி, பாப்பம்."

"அது விக்கிறதில்லை அம்மா. அந்தத் தட்டிலை இருக்கிற ஒண்டும் விக்கிறதில்லை."

"பின்னை என்னத்துக்குக் கடை?"

"அதெல்லாம் போன ஆக்கள் தந்திட்டுப் போனது. வந்து எடுப்பம், வித்துப்போடாதை எண்டு சொன்னவை. சொன்னால் வைச்சிருக்கத்தானே வேணும்?"

எவ்வளவு கேட்டுப் பார்த்தேன்! மகனின் கடிதத்தைச் சொன்னேன். ஒன்பது வருஷத்தைச் சொன்னேன். அவர் கண் கலங்கினார், ஆனால் தலையை ஆட்டினார். "என்ரை எண்டால் சும்மா தருவன் அம்மா. ஆற்றையோ சாமானை நான் என்னெண்டு தாறது?"

 நியாயத்தோடு வாதாட எனக்கு இன்னும் தெரியாது. போவோம் என்று திரும்பினவள், "ஒருக்காப் பாக்கவாவது தாருமன்" என்றேன்.

அவர் கத்தியை என் கையில் தரவில்லை. மேசையில் வைத்தார், நான் எடுத்தேன். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது எங்கள் பக்கத்துப் பயம். உங்கள் வீட்டிலும் இருக்கும்.

வெயிலுக்குப் பிடித்தேன். வெளிச்சம் ஒரு முனையில் இருந்து மறு முனைக்கு நூல் பிடித்த மாதிரி ஓடியது. நகத்தால் தட்டினேன் – கோயில் மணியின் பிள்ளை போல் கிணுங்கியது! ஆனால் பிடிக்குக் கிட்ட, அலகில், ஒரு கடுகளவு சிவப்பு. என் விரல் அங்கே நின்றுவிட்டது.

"தம்பி, உந்த மணிக்கூட்டுக்கு நீர் தினமும் சாவி குடுக்கிறனீரோ?"

"ஓம் அம்மா. நிண்டால் பிறகு ஓடாது."

"மெஷினுக்கு எண்ணெய் விடுறனீரோ?"

"கிழமைக்கு ஒருக்கா விட்டு ஓட்டுவன்."

"அப்ப கத்தி என்ன பாவம் செய்தது? இஞ்சை பாரும், துரு தொட்டிட்டுது. இன்னும் ஆறு மாசத்திலை வாய்க்கு வந்திடும். காப்பாத்திறன் எண்டு சொல்லி, வைச்சே சாக்காட்டிறீர்."

அவர் முகம் வாடிப்போனது. கத்தியை வாங்கி – மேசையில் வைத்துத்தான் – திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு உதைத் தொடப் பயம் அம்மா. பாத்தீங்களே என்ரை தாடியை. இப்ப என்ன செய்யிறது?"

"வேலை குடுக்கவேணும். தோலிலை தீட்டி, முகம் வழிச்சு, துடைச்சு, தேங்காயெண்ணெய் பூசி வைக்கவேணும். என்னட்டை ஒரு முகம் இருக்கு."

கத்தியை அந்த வெள்ளைத் துணியில் சுற்றி, மறுபடி பிரித்தார். 

"கத்தி கடையை விட்டு வெளியிலை போகேலாது."

"போகவேண்டாம்."

"அப்ப ஐயாவை இஞ்சை கூட்டிக்கொண்டு வாங்கோ."

சொல்ல எவ்வளவு சுகம்! படலை தாண்டாத மனுசனைத் தாடியோடு சந்தை ஒழுங்கையால் எப்படிக் கூட்டிக்கொண்டு போவது? அன்றிரவு ஜாம் போத்தல் விளக்கடியில் அவர் சொன்னது ஒரே சொல்: "மாட்டன்." நான் திருப்பிச் சண்டை போடவில்லை. மகனின் கடிதத்தை எடுத்து அந்த ஒரு வரியை மறுபடி கூட்டிக் கூட்டி வாசித்தேன். வேண்டுமென்றே மெல்ல மெல்ல, ஆறுதலாக.

வெள்ளிக்கிழமை விடிய அவர் துவாயால் தலையையும் தாடையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

வழி முழுக்க விசாரணை. "என்ன ஐயா, பல்லுக் கொதியோ?" கீரைக்காரி கேட்டாள். தேங்காய்க் கடைக்காரர் கேட்டார். ஒருவர் சைக்கிளை நிறுத்தி, கராம்பு வைக்கச் சொன்னார். இவர் எல்லோருக்கும் தலையை ஆட்டிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஊர் முழுவதையும் ஏமாற்றிக்கொண்டு நடந்தார்.

சின்னராசா சுடுதண்ணீர் வைத்திருந்தார். நான் ஒரு பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் இருக்கும் சொரசொரத்த வட்டத்தில் கத்தியை இழுத்தேன். பிறகு என் மனுசனின் லோஞ்ச் உடுப்புப் பெல்ற்றைக் கதவுக் கொளுவியில் மாட்டி, அதில் இருபது தடவை தீட்டினேன். என் தலையில் இருந்து ஒரு மயிரைப் பிடுங்கிப் பிடித்தேன். கத்தி தொட்டது, மயிர் விழுந்தது.

"அம்மாடி!" என்றார் சின்னராசா.

ஒரு சவர்க்காரத் துண்டை நுரைக்கவைத்து இவர் முகத்தில் பூசினேன். விலைக்கு வைத்திருந்த ஒரு பெரிய நிலைக்கண்ணாடிக்கு முன்னால் கதிரையில் இருந்தார். மேசையில் இருந்து கத்தியை எடுத்தார். கன்னத்துக்குக் கொண்டுபோனார்.

கை நடுங்கியது.

றேசரில் அது தெரியவில்லை. மூன்று நாளாய் ஊரெல்லாம் கத்தி தேடினேன், அதை யார் பிடிப்பது என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை! கத்தி கன்னத்துக்கு நாலு விரல் தூரத்தில் நின்று ஆடியது. அலையில் பாதை பிடித்து லோஞ்ச் விட்ட கை. கண்ணாடியில் அவர் தன் கையைத்தான் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. சின்னராசா மெல்ல எழும்பிப்போய் மணிக்கூட்டைத் துடைக்கத் தொடங்கினார். நல்ல மனுசன்.

பிறகு இவர் திரும்பி, கத்தியை மேசையில் வைக்காமல், என் உள்ளங்கையில் வைத்தார்.

"கைக்குக் கை தராதேங்கோ, சண்டை வரும்!"

"அம்பது வருசமாய் வராத சண்டையோ? பிடியும் ஞானம். நீர் சுக்கானைப் பிடியும்," என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

பிடித்தேன். தோலை இடது கையால் இழுத்துப் பிடித்து, காதடியில் இருந்து கீழே. சரக்... நுரையோடு தாடி ஒதுங்க, உள்ளே இருந்து எனக்குத் தெரிந்த கன்னம் வெளியே வந்தது. அரை நூற்றாண்டு அருகில் கிடந்த முகத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை. தாடைக்குக் கீழே ஒரு பழைய தழும்பு. எப்போது வந்தது, எனக்குத் தெரியாது. ஒரு நூல்கூடப் பிசகாமல் அதைச் சுற்றிப் போனேன்.

தொண்டைக்கு வந்தபோது அவர் அண்ணாந்து கண்ணை மூடிக்கொண்டார். இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா?

"ஒரு விசயம் சொல்லவேணும். ஆடாமல் இருங்கோ."

"ம்."

"அப்புவின்ரை கத்தி எண்பத்தேழிலை துலையேல்லை. நான்தான் போத்தல்காரனுக்குக் குடுத்து வாளி வாங்கினனான்."

அவர் ஆடவில்லை. ஆட முடியாதே! கத்தியைத் துடைக்க நான் எடுத்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"எனக்குத் தெரியும்."

"என்னெண்டு?"

"அடுத்த கிழமையே போத்தல்காரன் வந்து, உந்தக் கத்தியைத் தீட்டிறது எப்பிடி எண்டு என்னட்டைத்தான் கேட்டவன். சொல்லிக் குடுத்தனான். அந்த வாளியிலைதானே இவ்வளவு காலமும் குளிக்கிறன். நல்ல வாளி."

"பிறகேன் துலைஞ்சது எண்டு சொன்னனீங்கள்?"

"நீர் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். எட்டு வருசம் பாத்தன்... மற்றக் கன்னத்தை வழியும், ஸ்டூடியோவுக்கு நேரம் போகுது."

மணிக்கூட்டைத் துடைத்துக்கொண்டிருந்த சின்னராசாவின் தோள் குலுங்கியது. சிரித்தாரோ, அழுதாரோ, நான் கேட்கவில்லை.

படம் எடுத்தாயிற்று. இடது கிருதா வலதைவிட அரை அங்குலம் மேலே. அது என் வேலை. ஒரு கீறல் கிடையாது, அதுவும் என் வேலைதான்! துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் திரும்பி வந்தார். "பல்லுக் கொதி மாறிட்டுதோ?" என்று கீரைக்காரி கேட்டதற்கு, "புடுங்கிப்போட்டன்" என்றார். சனிக்கிழமை ரீச்சர் படத்தைத் தன் செபப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுபோனார். என் எழுத்துப் பிழைகளைத் திருத்துகிறவரும் அவர்தான். இன்னும் திரும்பவில்லை. ஆகவே இந்தக் கிழமைப் பிழைகளை நீங்கள்தான் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

அதன் பிறகு செவ்வாயும் வெள்ளியும் நாங்கள் சின்னராசாவின் கடையில். போன வெள்ளி அவருடைய தாடியையும் எடுத்துவிட்டேன். உள்ளே இவ்வளவு வடிவான மனுசன் இருந்தாரா என்று அவர் மனைவி வந்து பார்த்துவிட்டுப் போனார். வேலை முடிந்ததும் கத்தியைத் துடைத்து, எண்ணெய் பூசி, மேசையில் வைப்பேன். அவர் எடுத்து அந்தத் துணியில், அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் வைப்பார்.

வாழ்க்கையில் எத்தனையோ பேருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். முகம் தெரியாத ஒருவருக்கு, ஒரு முகத்துக்காக நன்றி சொல்வது இதுதான் முதல் தடவை.

கத்தியோடு இருக்கிற அந்தத் துண்டில் உங்கள் பெயர் இருக்கிறது, ஐயா. நான் இங்கே எழுதமாட்டேன். எந்தக் கரையில் இருக்கிறீர்களோ, இந்தத் தாள் உங்கள் கைக்கு வருமோ, தெரியாது. கத்தி சுகம். அந்தச் சிவப்புப் புள்ளி போய்விட்டது. வெளிச்சம் இன்னும் ஒரே கோடாய்த்தான் ஓடுகிறது. இரவல் கேட்க நீங்கள் இல்லாத இடத்தில், கேட்காமல் எடுத்ததற்கு மன்னிக்கவேண்டும்.

கெதியாய் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் திரும்பி வந்து கத்தியை எடுத்துக்கொண்டால் மறுபடி தாடி வளர்க்கவும் தயார் என்று என் மனுசன் சொல்கிறார் – இதைவிடப் பெரிய நன்றி அவரிடம் கிடையாது!